பனப்பாக்கத்துக்கு எந்த ஜாகுவார் வரும்?

பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம், நெமிலி, அரக்கோணம் என்று பழைய வட ஆற்காட்டின் கிழக்குப் பகுதி முழுவதும் கார்களைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்ட அந்த ஆலையில் டாடா வண்டிகளோடு, டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனத்தின் வண்டிகளும் தயாராகும் என்று சொல்லப்பட்டதால், ஜாகுவார் என்ற பெயர் எங்கள் பக்கத்து டீக்கடைகளிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பெயரோடு சேர்ந்து மூன்று செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன: ஜாகுவாரின் புதிய ஸ்போர்ட்ஸ் கார் பனப்பாக்கத்தில்தான் தயாராகப் போகிறது, மின்சாரக் கார் என்று சொன்னதைக் கைவிட்டுவிட்டு அதில் பன்னிரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தப் போகிறார்கள், அந்த வண்டி ஜாகுவார் என்ற பெயரில் வராமல் டாடா என்ற பெயரில் வரும். மூன்றையும் நம்பி முடிவெடுக்கும் பிள்ளைகளை நேரில் பார்க்கிறேன் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியிருப்பதைப் பார்த்துவிடலாம். 2024 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் மயாமி நகரில் ‘டைப் 00’ என்ற மாதிரி வண்டியை ஜாகுவார் காட்டியது. இரண்டு கதவுகள், பின்பக்கக் கண்ணாடியே இல்லாத உடல், 23 அங்குலச் சக்கரங்கள், மிக நீண்ட பானெட். அதிலிருந்து பிறக்கும் விற்பனை வண்டி நான்கு கதவுகள் கொண்ட வேகமான நெடும்பயணக் கார் என்றும், முழுக்க முழுக்க மின்சாரத்தில் ஓடும் என்றும், ஒருமுறை சார்ஜ் செய்தால் ஐரோப்பிய சோதனைக் கணக்கின்படி 770 கிலோமீட்டர் வரை போகும் என்றும், 15 நிமிட சார்ஜில் ஏறத்தாழ 320 கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறும் என்றும் அறிவித்தார்கள். மூன்று மோட்டார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைத்திறன் என்ற விவரங்கள் பின்னால் வந்தன. தயாரிப்பு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள சோலிஹல் ஆலையில். ஆகவே முதல் வதந்திக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பனப்பாக்கத்தில் ஜாகுவார் லேண்ட் ரோவரின் எந்த வண்டி தயாரானாலும், இந்தக் குறிப்பிட்ட காரின் பிறப்பிடம் சோலிஹல்தான்.

இரண்டாவது வதந்தியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அது வெறும் ஆசையிலிருந்து பிறந்ததில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ராணிப்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அம்பாசிடர் காலத்திலிருந்து ஸ்பேனர் பிடித்தவர். டைப் 00 வண்டியின் படத்தை என் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினேன். கையிலிருந்த ஆயிலைக் கந்தலில் துடைத்துக்கொண்டு, விரலால் திரையைத் தொடாமல், முன் சக்கரத்துக்கும் ஓட்டுநரின் கதவுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் காற்றிலேயே அளந்து பார்த்தார். “கரண்ட் வண்டினு சொல்ற. அப்புறம் இன்னாத்துக்கு தம்பி இவ்ளோ நீள பானெட்டு? உள்ள இன்ஜின் வெக்காமயா இப்டி இழுத்து வெச்சிருக்கான்?” என்று கேட்டார்.

கேள்வி மிகச் சரியானது. உலகெங்கும் கார் ஆர்வலர்கள் எழுப்பிய சந்தேகமும் இதுதான். ஜாகுவாரின் பழைய வண்டிகளில் நீண்ட பானெட் அழகுக்காக மட்டும் வந்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது கோவென்ட்ரி ஆலையில், குண்டுவீச்சில் தீப்பற்றாமல் இரவுக் காவல் இருந்த பொறியாளர்கள் அந்த நேரத்தில் பேசிப் பேசியே வடிவமைத்தது எக்ஸ்கே என்னும் ஆறு சிலிண்டர் இன்ஜின். ஆறு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும் அந்த இன்ஜின் நீளமானது. அதை மூடும் பானெட்டும் நீண்டுதான் தீர வேண்டும். 1948இல் லண்டன் கண்காட்சியில் காட்டிய எக்ஸ்கே120 வண்டியே அந்த இன்ஜினை உலகுக்கு அறிமுகப்படுத்துவதற்காகச் சிறிய எண்ணிக்கையில் செய்ய நினைத்த ஒன்று. 120 என்பது மணிக்கு 120 மைல் வேகத்தைக் குறிக்கும். 1961இல் வந்த ஈ-டைப்பில் அதே இன்ஜின் 3.8 லிட்டர் அளவில் இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து 5.3 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் அதே முகப்புக்குள் போனது. நீண்ட மூக்கைப் பார்த்தவுடன் உள்ளே பெரிய இன்ஜின் இருக்கிறது என்று நினைக்கும் பழக்கத்தை உருவாக்கியதே ஜாகுவார்தான்.

மின்சாரக் காரில் அந்தத் தேவை கிடையாது. பேட்டரி தரைக்கடியில் விரிந்து கிடக்கும். மோட்டார்கள் அச்சுக்கு அருகிலேயே அடங்கிவிடும். முன்பக்கம் மிச்சமாகும் இடத்தைப் பயணிகளுக்குக் கொடுப்பதே பொதுவான வழக்கம். ஜாகுவாரின் சொந்த ஐ-பேஸ், 2018இல் வந்து 2019ஆம் ஆண்டின் சிறந்த உலகக் கார் என்ற விருதை வென்ற வண்டி, அப்படித்தான் குட்டையான மூக்கோடும் முன்னால் தள்ளிய இருக்கைகளோடும் செய்யப்பட்டது. டைப் 00 அதற்கு நேர்மாறாகப் போனது. மின்சாரக் கார்கள் எல்லாம் ஒரே முகச்சாயலில் வந்துகொண்டிருக்கையில், பழைய ஜாகுவாரின் உடற்கட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் வடிவமைப்பாளர்களின் முடிவு. அந்த மூக்குக்குள் முன் மோட்டாரும், குளிரூட்டும் கருவிகளும், மோதலைத் தாங்கும் சட்டமும் இருக்கும். வேண்டுமென்றே எடுத்த அந்த வடிவ முடிவைத்தான், இன்ஜினுக்காக விட்டுவைத்த இடம் என்று பலரும் புரிந்துகொண்டார்கள்.

வதந்திக்கு இரண்டாவது காரணம் ஜாகுவாரின் கடந்த காலம். கண்காட்சியில் ஓர் இன்ஜினைக் காட்டிவிட்டு, விற்கும்போது வேறோர் இன்ஜினைக் கொடுத்த வரலாறு இந்த நிறுவனத்துக்கு உண்டு. 1988இல் பர்மிங்ஹாம் கண்காட்சியில் எக்ஸ்ஜே220 என்ற வண்டியை நிறுத்தினார்கள். ஜாகுவார் பொறியாளர்கள் சிலர் தங்கள் சொந்த நேரத்தில், சனிக்கிழமைகளில் கூடி உருவாக்கிய வண்டி அது. 6.2 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. பணக்காரர்கள் வரிசையில் நின்று 50,000 பவுண்டு முன்பணம் கட்டினார்கள். 1992இல் வண்டி கைக்கு வந்தபோது அதில் 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ இன்ஜின் இருந்தது. இழுவை பின் சக்கரங்களுக்கு மட்டுமே. அந்த இன்ஜினின் மூலம் எம்ஜி மெட்ரோ என்ற சின்னக் காரின் ராலி பந்தய வடிவம் என்று தெரிந்ததும் பலருக்கு மனம் ஒப்பவில்லை. விலையும் ஏறியிருந்தது, உலகப் பொருளாதாரமும் சரிந்திருந்தது. வாங்க மறுத்தவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. கடைசியில் 300க்கும் குறைவான வண்டிகளே செய்யப்பட்டன.

இந்தக் கதையில் நான் எப்போதும் அழுத்திச் சொல்லும் ஒன்று உண்டு. அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் கொஞ்சமும் தாழ்ந்ததன்று. 542 குதிரைத்திறன் கொண்ட அது, கண்காட்சியில் காட்டிய பன்னிரண்டு சிலிண்டரைவிட எடை குறைந்தது, சிறியது, வலிமை மிகுந்தது. இத்தாலியின் நார்தோ ஓடுபாதையில் பந்தய வீரர் மார்ட்டின் பிரண்டில் மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டியதும் அந்த இன்ஜினைக் கொண்டுதான். சொன்ன வாக்கை நிறுவனம் காப்பாற்றாதது உண்மை. ஆனால் பொறியியல் நோக்கில் அது எடுத்த முடிவு சரியானது. பேட்ஜையும் சிலிண்டர் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து முகம் சுளித்தவர்கள் மிகச் சிறந்த ஒரு வண்டியை இழந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

2010இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய சி-எக்ஸ்75 வண்டியிலும் இதேதான் நடந்தது. நான்கு மின் மோட்டார்களும், பேட்டரிக்கு மின்சாரம் ஊட்ட இரண்டு சிறிய காற்றுச்சுழலி இன்ஜின்களும் அதில் இருப்பதாகக் காட்டினார்கள். விற்பனைக்கு என்று வேலை தொடங்கியபோது சுழலிகள் போய், வில்லியம்ஸ் பந்தய நிறுவனத்தின் துணையோடு 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்று வந்தது. நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றக்கூடிய அபாரமான இன்ஜின். 2012 டிசம்பரில் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது.

“முன்பு இரண்டு முறை மாற்றினார்கள், இந்த முறையும் மாற்றுவார்கள்” என்று வாதிடுவோர் இந்த வரலாற்றைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதோடு, போர்ஷே நிறுவனம் 2025 செப்டம்பரில், மின்சாரத்தில் மட்டும் வர வேண்டியிருந்த ஒரு பெரிய வண்டியை முதலில் பெட்ரோல், ஹைபிரிட் வடிவங்களில் கொண்டுவருவதாக அறிவித்தது. டாடா மோட்டார்ஸின் நிதித் தலைவராக இருந்த பி.பி.பாலாஜி 2025 நவம்பரில் ஜாகுவார் லேண்ட் ரோவரின் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். புதிய தலைவர் வந்ததும் பழைய திட்டம் மாறும் என்ற ஊகம் எங்கும் எழுவது இயல்பு. அவர் பெயர் நமக்கு நெருக்கமாக ஒலிப்பதால் நம் ஊரில் அந்த ஊகம் இன்னும் வேகமாகப் பரவியது.

ஆனால் வண்டியின் அடிப்பக்கத்தை நினைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. எக்ஸ்ஜே220, சி-எக்ஸ்75 இரண்டிலும் கண்காட்சியில் காட்டிய இயந்திரம் விற்பனைக்குத் தயாராக இல்லாமலோ, வண்டிக்குப் பொருந்தாமலோ இருந்தது. நடைமுறைக்கு ஏற்ற வேறொன்று அதன் இடத்தைப் பிடித்தது. இந்த முறை அப்படியில்லை. மின் மோட்டார் பொருத்திய சோதனை வண்டிகள், உருமறைப்பு ஒட்டிய நிலையில், 2024 இறுதியிலேயே பொதுச்சாலைகளில் ஓடத் தொடங்கிவிட்டன. வண்டியின் அடித்தளமும் ஜாகுவாருக்கென்றே தனியாக, மின்சாரத்துக்கென்றே தனியாக உருவாக்கப்பட்டது. பெட்ரோல் இன்ஜினை அதில் வைக்க வேண்டுமென்றால், இன்ஜினை உட்கார வைக்கும் சட்டம் மட்டும் போதாது. கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டுக்குத் தரையில் சுரங்கம் போன்ற வழி வேண்டும், புகைபோக்கிக் குழாய்க்கும் அதன் சூட்டுக்கும் இடம் வேண்டும், பெட்ரோல் டேங்குக்கு மோதலில் நசுங்காத மூலை வேண்டும். இவை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தை பேட்டரி நிரப்பிக்கொண்டிருக்கிறது. தரையைக் கிழித்துப் புதிதாக வரைந்து, மோதல் சோதனையையும் புகைச் சோதனையையும் முதலிலிருந்து நடத்தினால் அது வேறு காராகிவிடும். அதற்குச் சில ஆண்டுகளும் பிடிக்கும்.

சக்கரத்தைச் சுழற்றாமல் பேட்டரிக்கு மட்டும் மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும் சிறிய பெட்ரோல் இன்ஜினைச் சேர்ப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பிஎம்டபிள்யூ ஐ3 காரில் 647 சிசி, இரண்டு சிலிண்டர் ஸ்கூட்டர் இன்ஜினை அப்படிப் பயன்படுத்தினார்கள். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஐ3 ஒரு சின்ன நகரக் கார், அதன் பேட்டரியும் சிறியது. 770 கிலோமீட்டர் போகும் பேட்டரியைச் சுமக்கும் வண்டியில் கூடுதலாக ஓர் இன்ஜினையும் டேங்கையும் ஏற்றுவது எடையைத்தான் கூட்டும். பன்னிரண்டு சிலிண்டர் ஜாகுவாரின் உறுமல் எனக்கும் பிடிக்கும், அது திரும்பி வந்தால் முதலில் மகிழ்பவர்களில் நானும் ஒருவன். ஆயினும் இந்தக் காரில் அது வரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வதந்தி பெயரைப் பற்றியது. ஜாகுவார் தன் பெயரை மாற்றிக்கொண்டதும் உண்டு. 1922இல் பிளாக்பூல் நகரில் வில்லியம் லயன்ஸும் வில்லியம் வால்ம்ஸ்லியும் மோட்டார் சைக்கிள்களுக்குப் பக்கப்பெட்டி செய்யத் தொடங்கிய நிறுவனம் பின்னர் ‘எஸ்எஸ் கார்ஸ்’ ஆயிற்று. 1935இல் ஒரு மாடலுக்கு ஜாகுவார் என்று பெயரிட்டார்கள். ஹிட்லரின் எஸ்எஸ் படையால் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் தீராத களங்கம் வந்துவிட்டதால், போர் முடியும் தறுவாயில், 1945இல், நிறுவனமே ஜாகுவார் ஆனது. 2024 நவம்பரில் நடந்தது பெயர் மாற்றமில்லை, தோற்ற மாற்றம். புதிய எழுத்துரு, புதிய சின்னங்கள், ஒரு கார்கூட இல்லாத ஒரு விளம்பரம். அதைப் பார்த்து எலான் மஸ்க், நீங்கள் கார் விற்கிறீர்களா என்று கேட்டது உலகம் முழுக்கப் பரவியது. காரைக் காட்டாமல் கார் நிறுவனம் விளம்பரம் செய்ததை நானும் விரும்பவில்லை. பதினைந்து நாள் பொறுத்து வண்டியோடு சேர்த்தே காட்டியிருந்தால் பாதி வசைக்கு இடமே இருந்திருக்காது.

டாடா 2008இல் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வண்டிகளின் முகப்பில் டாடா சின்னத்தை ஒட்டியதில்லை. பிறகு ஏன் இந்த வதந்தி? டாடா தன் அவின்யா மின்சாரக் கார்களுக்காக, ஜாகுவார் லேண்ட் ரோவரின் மற்றோர் அடித்தளத்தைப் பயன்படுத்திக்கொள்ள 2023 நவம்பரில் ஒப்பந்தம் செய்தது. அந்தச் செய்தியும் பனப்பாக்கம் செய்தியும் ஒன்றோடொன்று கலந்து, ‘டாடா பெயரில் ஜாகுவார்’ என்று ஆகிவிட்டது என்பது என் அனுமானம். அவின்யாவுக்குப் பேசப்பட்ட அடித்தளம் வேறு, புதிய ஜாகுவாரின் அடித்தளம் வேறு. இதே குழப்பம் டாடாவின் ஹாரியர் கார் வந்தபோதும் இருந்தது. “ஹாரியர்ல ஓடுறது லேண்ட் ரோவர் இன்ஜின்” என்று சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் எத்தனையோ பேர் என்னிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஹாரியரின் அடித்தளம்தான் லேண்ட் ரோவரிடமிருந்து பிறந்தது; அதன் டீசல் இன்ஜின் ஃபியட் வழி வந்தது. ஒரு வண்டிக்கு யாருடைய பெயர், யாருடைய இன்ஜின், யாருடைய அடித்தளம், எந்த ஊரில் பூட்டப்படுகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் நான்கு வெவ்வேறு பதில்கள் இருக்கலாம்.

தோல் தொழிலை நம்பி வாழும் ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜாகுவார் என்றாலே உள்ளே தோல் இருக்கைகளும் வால்நட் மரமும் என்பது பழைய அடையாளம். புதிய கார் வந்தால் ராணிப்பேட்டைத் தோலுக்கு வாய்ப்புக் கிடைக்குமா என்று தெரிந்தவர் ஒருவர் ஆவலோடு கேட்டார். டைப் 00 மாதிரி வண்டியின் உட்புறத்தில் பித்தளையும், டிராவர்டைன் என்னும் கல்லும், கம்பளி கலந்த துணியும்தான் முன்னிறுத்தப்பட்டிருந்தன. அவருக்கு இதைச் சொன்னபோது எனக்கே சங்கடமாக இருந்தது.

இன்ஜினா மோட்டாரா என்ற கேள்விக்கும் நம் நாட்டில் விலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், பிரிட்டனில் தயாராகும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு, 100 சதவீதத்துக்கு மேல் இருந்த இறக்குமதி வரி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் படிப்படியாக 10 சதவீதமாகக் குறையும். மின்சாரக் கார்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே ஒப்பந்தத்தால் புதிய ஜாகுவார் பாதி விலைக்கு வந்துவிடும் என்று பரவும் செய்தியும் பொருந்தாது. அந்தச் சலுகை பெட்ரோல் ரேஞ்ச் ரோவர் போன்றவற்றுக்குத்தான் உதவும்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியவன் என் அக்காள் மகன். டிப்ளமோ முடித்தவன். வேலூரில் ஒரு தனியார் பயிற்சி மையம், ஜாகுவார் இன்ஜினுக்கான சிறப்புப் பயிற்சி என்றும், பனப்பாக்கத்தில் வேலை உறுதி என்றும் சொல்லி அவனிடம் பெரிய தொகையை வாங்கிக்கொண்டு, பழைய டீசல் இன்ஜின் ஒன்றைப் பிரித்துப் பூட்டச் சொல்லிக்கொடுத்தது. சான்றிதழில் ஜாகுவார் படம் மட்டும் பளபளவென்று இருந்தது. “மாமா, இத வெச்சிக்கினு உள்ள விடுவாங்களா?” என்று அவன் கேட்டபோது அக்காளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிவது நல்ல கல்விதான், அது எந்நாளும் வீண்போகாது. ஆனால் அவனைப் போன்ற பிள்ளைகள் அதோடு சேர்த்து, ஆரஞ்சு நிற உறை போட்ட உயர் மின்னழுத்தக் கம்பிகளைத் தொடும் முன் மின்சாரத்தை எப்படித் துண்டிப்பது, துண்டித்த பிறகு மீட்டரை வைத்து எப்படி உறுதி செய்வது, இன்வெர்ட்டர் என்ன செய்கிறது, பேட்டரியின் வெப்பத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள், வயரிங் வரைபடத்தை எப்படிப் படிப்பது என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஆலையில் எந்தப் பெயரில் எந்த வண்டி பூட்டப்பட்டாலும் இவை தேவைப்படும். பணம் கட்டும் முன், பயிற்சிக்கூடத்தில் ஒரு மின்சார வண்டியாவது, திறந்து காட்டக்கூடிய ஒரு பேட்டரிப் பெட்டியாவது இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் அனுமதியோடு அதன் சின்னத்தை அச்சடித்திருக்கிறார்கள் என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.